பஞ்சு இறங்க வேண்டிய ஆழம்

பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்து, இறங்கவில்லை என்று தெரிந்தும் ஒரு கணம் பார்க்காதவன் போல நின்றுவிட்டு, பிறகு இன்னும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளினான் பரமகுரு. அவ்வளவுதான் வேலை. இதற்கு முன் ஒன்பது தடவை செய்யாமல் விட்ட வேலை. கண்ணாடிக் குப்பிக்குள் பதினெட்டு ஈக்கள், வாழைப்பழத் தோலை மொய்க்குமே அந்தப் பொடி ஈக்கள்தான், கூரை திடீரென்று தாழ்ந்ததில் கலைந்து கண்ணாடியில் மோதிவிட்டு மறுபடி மேல்நோக்கி ஏற ஆரம்பித்தன. ஈயின் புத்தி அது, சுவர் கிடைத்தால் மேலே ஏறும். இத்தனை நாளும் மேலே ஏறினால் அங்கே குளிர்ந்த காற்று இருந்தது, ஏனென்றால் பஞ்சு குப்பியின் வாயிலேயே நின்றது, குப்பியின் மேல்பாதி வெந்நீர்த் தொட்டிக்கு வெளியே நின்றது, வெளியே ஏசி இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி முப்பத்தொரு டிகிரி என்று காட்டியது, அவனும் நோட்டில் முப்பத்தொன்று என்று எழுதினான். ஈக்கள் முப்பத்தொன்றில் இருக்கவே இல்லை, மாடிக்குப் போய்க் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. இப்போது மாடி இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. பத்து நிமிஷம் இந்த ஈக்கள் விழாமல் நின்றுவிட்டால் அவன் மகள் அல்லிக்கு என்றைக்காவது ஒரு வழி பிறக்கும் என்று இரண்டு மாதமாக அவன் நம்பியதும், மனைவி வேணியை நம்பவிட்டதும் நிற்கும். விழுந்தால் இந்த மத்தியானமே வேணிக்குப் போன் போட்டுச் சொல்லியாக வேண்டும். சாயந்திரம் வரை தள்ளினால் சாயந்திரமும் சொல்ல மாட்டான், அவனை அவனுக்குத் தெரியும்.

ஜெபமலர் கேட்காமல் இருந்திருக்கலாம். அவனிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, நாசரேத்துக்காரப் பெண், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேள்வி கேட்பாள், அதில் துளி விஷமம் கிடையாது. பதினோரு மணிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சார், பஞ்சு தண்ணிக்குக் கீழ போணும்லா? எங்குப்பியில நா அமுக்கித்தான வைக்கேன். உங்க குப்பியில மேலயே நிக்கு?" என்றாள். அவள் குப்பியில் இருப்பது வெறும் ஊன ஈ. சூடு பட்டால் விழும், அது எல்லோருக்கும் தெரிந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைப்பது. அவன் குப்பியில் இருப்பது அதே ஊனத்தோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்த ஈ, சூட்டிலும் நிற்கும் என்று அவன் கண்டுபிடித்தது. இந்த இரண்டாவது ஈயை அவன் வேறு யாரையும் தொடவிட்டதில்லை. "அது சவலை ஈ. அமுக்குனா நசுங்கிப்போகும். உனக்கு இதெல்லாம் புரிய இன்னும் நாளாகும்," என்றான். நாளாகுமாம். அவள் "சரி சார்" என்று சொல்லிவிட்டு நுண்நோக்கி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், பன்னிரண்டரைக்கு விடுதிக்குச் சாப்பிடப் போய்விட்டாள். அந்த ஒன்றரை மணி நேரமும் அவனுக்கு அவள் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அது நியாயமே இல்லாத கோபம், உள்ளதைச் சொன்னவர்கள் மேல் மட்டும் வரும் ரகம். அவள் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்து மறைந்ததும் கதவைச் சாத்திவிட்டு இந்தக் குப்பியை எடுத்தான்.

முதல் நிமிஷத்தில் ஒன்றும் ஆகாது. கண்ணாடி சூடேற வேண்டும், உள்ளே காற்று சூடேற வேண்டும், அப்புறம்தான் ஈயின் உடம்பு. ஈயின் உடம்புக்குள் நரம்பு, நரம்பின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத பைகள், ஒவ்வொன்றிலும் அடுத்த நரம்புக்குச் சொல்ல வேண்டிய சேதி ரசாயனமாக நிரம்பியிருக்கும். பை விளிம்பில் போய் ஒட்டி வாயைத் திறந்து சேதியைக் கொட்டிவிடும். கொட்டிய பை விளிம்போடு விளிம்பாகக் கரைந்துபோகும். அத்தோடு விட்டால் நொடியில் சரக்கு தீர்ந்துவிடும், ஆகவே விளிம்பை உள்பக்கமாகக் குழித்து இழுத்து, கழுத்தைச் சுற்றி வளைத்து, கிள்ளி எடுத்து மறுபடி பையாக்க வேண்டும். அந்தக் கிள்ளுகிற கைக்கு டைனமின் என்று பெயர். ஒரு புரதம். முதல் தடவை வேணிக்கு இதை விளக்கியபோது அவள் சப்பாத்திக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகச் சேர மாவின் கழுத்தை நெரித்து உருண்டையைப் பிய்த்தெடுத்தாள், "இப்படியா?" என்றாள். அப்படியேதான். அவன் எத்தனையோ வகுப்பில் படம் போட்டுக் காட்டிப் புரியவைக்க முடியாததை அவள் கை செய்துவிட்டது. "நம்ம பிள்ளைக்கு இந்தக் கிள்ளு வரலையா?" என்று கேட்டுவிட்டு மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு எழுத்து. அல்லியின் மரபணுவில் அந்தப் புரதத்துக்கான இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவனிடமிருந்தும் வரவில்லை, வேணியிடமிருந்தும் வரவில்லை, புதிதாக எழுதும்போதே விழுந்த பிழை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னபோது இருவரும் தலையாட்டினார்கள், அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது, குற்றம் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல் போனது.

எட்டு வருஷமாக ஈயின் கண் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அதோடு அதை மூட்டை கட்டி வைத்தான். டைனமின் கெட்டுப்போன ஈ உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது, பெங்களூரிலிருந்து வரவழைத்தான். இருபது டிகிரியில் பறக்கும், மேயும், சண்டை போடும், ஜோடி சேரும். முப்பதைத் தாண்டினால் அந்தக் கை கிள்ளுவதை நிறுத்திவிடும், பைகள் தீரும், ஈ நின்ற இடத்தில் விழும். குளிர வைத்தால் எழுந்து போய்விடும். மதுரை வெயிலில் இந்தச் சன்னலைத் திறந்துவிட்டால் பல்கலைக்கழகத்து வாசல் தாண்டாது. ஈ விழுகிறது, பிள்ளைக்கு ஏன் வலிப்பு வருகிறது என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள், அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான். எல்லா நரம்பும் ஓடச் சொல்வதில்லை, சில நரம்பு போதும் நிறுத்து என்று சொல்வதற்காகவே இருக்கிறது, அதற்குத்தான் ஓயாத வேலை, பைகள் முதலில் தீர்வது அங்கேதான். போதும் என்று சொல்ல ஆளில்லாத தலை. அல்லியின் கண் இடப்பக்கம் போய்ச் சொருகும், வாய் கோணும், கை மடங்கி மடங்கி விரியும், ஒரு தடவை பதினேழு நிமிஷம் ஓடியது. மூன்றரை வயது. உட்கார மாட்டாள், ஆனால் வேணியின் குரல் கேட்டால் கழுத்தைத் திருப்புவாள், காற்றாடி சுற்றினால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு சிரிப்புத்தானா அல்லது அதுவும் வலிப்பா என்று அவன் ஒரு நாள் யோசித்துவிட்டான். அதற்காக அவன் தன்னை மன்னிக்கவில்லை.

ஒன்று பன்னிரண்டு. நிற்கின்றன. பதினெட்டும் பஞ்சுக்கடியில் கூட்டமாக, கால்களால் முகம் துடைத்துக்கொண்டு. நிற்கட்டும். நிற்கவே நிற்கட்டும், ஜெபமலரைக் கூப்பிட்டுக் காட்டலாம், பார்த்தாயாம்மா என்று சொல்லலாம், அவளுக்குப் பிரியாணி வாங்கித்தரலாம். கணக்கு தப்பில்லையே. டைனமின் தன்னிஷ்டத்துக்குக் கிள்ளுகிற கை இல்லை, அதற்கு மேலதிகாரிகள் உண்டு. ஒரு புரதம் அதன் மேல் பாஸ்பேட் என்ற சின்னச் சுமையை ஏற்றிவைக்கும், சுமை இருக்கிறவரை அது சும்மா கிடக்கும். நரம்பு வேலை செய்து கால்சியம் உள்ளே பாய்ந்ததும் இன்னொரு புரதம் ஓடிவந்து சுமையை இறக்கிவிடும், இறங்கினால்தான் கிள்ளும், கிள்ளி முடித்ததும் முதலாமவன் வந்து மறுபடி ஏற்றுவான். ஏற்றுகிறவன் கையைக் கட்டிப்போட்டால்? அரைகுறை டைனமின்கூட ஓயாமல் உழைக்குமல்லவா? அதுதான் பரமகுருவின் யோசனை. ஏற்றுகிறவனைக் கெடுத்த ஈயைக் கண்டுபிடித்து ஊன ஈயோடு கலந்தான். ஈக்காரர்கள் மரபணுவுக்குச் செல்லப்பெயர் வைப்பது வழக்கம், அவன் ஊன்றுகோல் என்று வைத்தான். பெற்று எடுப்பது பெரும்பாடு, நூறு முட்டைக்கு நாலு பிழைக்கும், பிழைத்ததும் நோஞ்சான். தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் விட்டபோது, பஞ்சைத் திணித்தால் இறக்கை ஒடியுமே, மூச்சு முட்டுமே என்று தோன்றியது. மெல்லப் பஞ்சை வாயில் மட்டும் வைத்தான். பிள்ளைக்குப் போர்வையை இழுத்து முகத்தில் போடாமல் விடுகிற மாதிரிதான். ஈக்கு இரக்கம் காட்டினான், ஈ வேலை செய்கிற எவனும் செய்யாத காரியம். முதல் வருஷ மாணவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது, பஞ்சு தண்ணீருக்குக் கீழே. அவனே நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

இரக்கமா? முதல் தடவை இரக்கம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் தடவை? மூன்றாம் தடவை கைப்பழக்கம் என்று சொல்லலாம், கை தானாகச் செய்தது. ஆனால் ஐந்தாவதா ஆறாவதா, ஏப்ரல் நடுவில், ஈக்கள் அத்தனையும் பஞ்சை ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றதைப் பார்த்தானே, ஏன் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை என்று ஒரு நினைப்பு வந்ததே. வந்தது. பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அரை நாள் உறுத்தியது. அப்புறம் வீட்டிலிருந்து போன், அல்லிக்குக் காய்ச்சல், ஓடினான், நினைப்பு போயிற்று. போனதா, போகவிட்டானா? காய்ச்சல் வந்தது தற்செயல், அதை அவன் வரவழைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி நாற்காலியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தானே, அப்போது நினைக்க எவ்வளவோ நேரம் இருந்தது. நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அவனுக்கு அது இருந்திருக்கிறது, இத்தனை வயதுக்கு மேல் தெரிகிறது.

முதல் தடவை ஈ நின்ற மார்ச் மாதம் அது. செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா சொன்னார், பிள்ளைக்கு விழுங்குகிற தசை சரியாக வேலை செய்யவில்லை, ஊட்டுவதில் பாதி நெஞ்சுக்குள் போகிறது, இனிமேல் வாய் வழியாக வேண்டாம், வயிற்றில் சின்னத் துளை போட்டு நேராக இரைப்பைக்குக் குழாய் வைத்துவிடலாம், சின்ன ஆபரேஷன்தான், எடை எட்டரைக் கிலோ இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. வேணி சேலைத் தலைப்பால் அல்லியின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த வாயில் கேழ்வரகுக் கூழை ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்து, தாடையைத் தடவி, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம். அது ஒன்றுதான் அவளால் பிள்ளைக்குச் செய்ய முடிந்தது, பிள்ளையாலும் அவளுக்குப் பதிலுக்குச் செய்ய முடிந்தது. வியாழக்கிழமை ஊன்றுகோல் ஈக்கள் நின்றன. பத்து நிமிஷமும் நின்றன. அவன் அன்று பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நாகமலை ரோட்டில் பாதி தூரம் நடந்தே போனான், வெயில் தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே, "வேணி, ஈ நின்னுருச்சு," என்றான். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். "அப்ப நம்ம பிள்ளைக்கும் ஏதாவது...?" என்றாள். அவன், "இருக்கலாம்," என்றான். கரண்டியை மறுபடி எடுத்தபடி அவள், "சரி, அப்ப குழாய் இப்ப வேணாம். கொஞ்சம் பொறுப்போம்," என்றாள். அங்கேதான் அவன் பேசியிருக்க வேண்டும். ஈயில் நிற்பது எலியில் நிற்க வேண்டும், எலியில் நின்றது மனிதரில் நிற்க வேண்டும், அதற்கு ஒரு மருந்து கண்டுபிடிக்க வேண்டும், அதற்குள் அல்லிக்கு என்ன வயதாகும் என்று அவன் வாயால் சொன்னதே இல்லை. முகம் கழுவப் போனான். பொய் சொல்லவில்லை. அவள் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். படித்தவனுக்கு மட்டும் வாய்க்கிற சௌகரியம் இது, பொய்யே சொல்லாமல் ஏமாற்றலாம்.

அப்புறம் ஏப்ரலில் ஒரு தடவை நிமோனியா, மே பிறந்ததும் இன்னொரு தடவை. நெஞ்சுக்குள் போன கூழ். எடை எட்டரை எட்டாயிற்று, ஏழு எண்ணூறு ஆயிற்று, வேணி டாக்டரிடம் கூசாமல் சொன்னாள், இன்னும் கொஞ்சம் பொறுக்கிறோம் டாக்டர் என்று. பக்கத்தில் இவன் மருந்துச் சீட்டைப் படிக்கிறவன் போல நின்றான். சளி எடுக்கிற மெஷினின் உறிஞ்சும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, இந்தத் தொட்டியின் மோட்டார் சத்தத்துக்கு அடியில் அதே சத்தம். பிள்ளையின் விலா எலும்பு. குளிப்பாட்டும்போது சோப்பு வழுக்கி அந்த எலும்புகளுக்கு நடுவே தங்குகிறது, அவன் கண்ணால் பார்த்தான், பார்த்துவிட்டு மறுநாள் காலையில் வந்து பஞ்சைக் குப்பியின் வாயிலேயே வைத்தான். ஒன்பது தடவை. ஒரு விரற்கடை அழுத்த ஒரு நொடி ஆகாது.

ஒன்று பதிமூன்று ஆகும்போது ஒரு ஈ வழுக்கியது. முன்காலால் கண்ணாடியைப் பற்றப் பார்த்து, பற்றாமல், கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. தூசியாக இருக்கும், கண்ணாடியில் ஈரமாக இருக்கும். அடுத்ததும் வழுக்கியது. இறக்கையை அடித்தது, பறக்கவில்லை, அடித்த வேகத்தில் சுழன்று கீழே போய் மல்லாந்து விழுந்து ஆறு காலும் நடுங்கியது. பிறகு இரண்டு ஒரே சமயத்தில். பிறகு எண்ண முடியவில்லை, மழைக்கு முன் புளியமரத்திலிருந்து பூ உதிர்வது போல உதிர்ந்தன. விழுங்கடி, விழுங்கு, இன்னும் ஒரு வாய்தான் என்று வேணி கெஞ்சுகிற குரல் ஏன் இப்போது வருகிறது? பஞ்சு கீழே இறங்கியதால் காற்று குறைந்து மூச்சு முட்டியிருக்கலாம். இல்லை, ஊனமில்லாத சாதாரண ஈயை இதே ஆழத்தில் வைத்தால் நாள் முழுக்க நிற்கும், அது அவனுக்குத் தெரியும். தொட்டி சூடு கூடியிருக்கலாம். எண் முப்பத்தொன்று என்றுதான் சொன்னது. இன்றைய ஈக்கள் கிழடாக இருக்கலாம். நாலு நாள் ஈக்கள், அவனே பிறந்த தேதி எழுதி ஒட்டியவை. கெட்டிக்காரன் எப்படியெல்லாம் சந்து தேடுவான் என்பதற்கு இந்த ஒரு நிமிஷம் போதும், ஒவ்வொரு சந்திலும் அவனே முன்னால் போய் அடைத்து வைத்திருந்தான். பதினேழு விழுந்துவிட்டன. ஒன்று மட்டும் நின்றது. பஞ்சு இழை ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பு தொங்க, நின்றது. அவன் முகத்தைத் தண்ணீர்மேல் படும் அளவுக்குக் கொண்டுபோனான், மூச்சுப் பட்டு ஆவி படர்ந்தது, துடைத்தான். நில்லு. ஒன்று போதும். பதினெட்டில் ஒன்று நின்றால் அதிலிருந்து முட்டை எடுக்கலாம், அதன் பிள்ளைகளைச் சோதிக்கலாம், இன்னும் ஆறு மாதம், இன்னும் கொஞ்சம் பொறுப்போம் வேணி. அவன் உதடு உண்மையிலேயே அசைந்தது. யாரிடம் வேண்டுகிறோம் என்று தெரியாமல், கோயில் வாசலில் கூட வாயைத் திறக்காதவன், ஒரு ஈயிடம் வேண்டிக்கொண்டிருந்தான். ஒன்று பதினாலேகாலுக்கு அதுவும் விட்டுவிட்டது. விழுந்தபோது சத்தம் எதுவும் இல்லை.

பத்து நிமிஷம் முடிகிறவரை அவன் எடுக்கவில்லை. பத்து என்று வைத்தால் பத்து, அந்த ஒழுக்கமாவது மிஞ்சட்டும் என்று இருந்திருக்கும். நோட்டில் தேதி போட்டு, பஞ்சு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே என்று எழுதி, பதினெட்டுக்குப் பதினெட்டும் விழுந்தன என்று எழுதினான். முன் பக்கங்களைப் புரட்டி ஒன்பது இடத்திலும் பஞ்சு மேலே என்று ஓரத்தில் எழுதினான், எழுத்துப் பிசகாமல் எழுதினான், அது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. புனாவில் நடக்கும் கூட்டத்துக்கு அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும். துறைத்தலைவரிடம் சொல்ல வேண்டும். ஜெபமலரிடம் நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும், அது சின்னப் பெண்ணிடம் என்றாலும் சொல்லிவிடலாம், இதெல்லாம் சுலபம், வெட்கம்தானே, வெட்கம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். குப்பியை எடுத்து மேசையில் சாய்த்து வைத்தான். ஏசிக் காற்று பட்டது. அரை நிமிஷம் கூட ஆகவில்லை, ஒரு கால் துடித்தது, இன்னொரு கால், ஒன்று புரண்டு எழுந்து தள்ளாடியது, தலையைச் சிலுப்பி முகத்தைத் துடைத்துக்கொண்டது. ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்றும் நடக்காதது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடந்தன. கிள்ளுகிற கை மறுபடி கிள்ளத் தொடங்கிவிட்டது, பைகள் நிரம்புகின்றன, இருபத்திரண்டு டிகிரி போதும், வேறொன்றும் வேண்டாம். காய்ச்சல் இறங்கினாலும், ஈரத்துணி போட்டாலும், விசிறினாலும், அல்லிக்கு அப்படி ஒரு டிகிரி கிடையாது. அவன் வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான், ஓடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களைப் பார்த்து, பள்ளிக்கூட வேனைப் பார்த்து. ஈயைப் பார்த்து வயிறெரிந்தது இதுதான் முதல். குப்பியை நசுக்கிவிடலாம் போலிருந்தது. நசுக்கவில்லை. போனை எடுத்தான், வைத்தான், கை கழுவினான். சோளமாவும் வெல்லமும் புளித்த ஈத்தீனி வாடை விரலை விட்டுப் போகவில்லை, அதற்காக இன்னொரு தடவை கழுவினான், அதுவும் நாள் கடத்துகிற வேலைதான் என்று தெரிந்ததும் ஈரக் கையோடு போனை எடுத்து அழுத்திவிட்டான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"வேணி, பிள்ளை தூங்குதா?"

"இப்பத்தான் கண்ணசந்திருக்கா. சொல்லுங்க."

"வேணி... ஈ விழுந்துருச்சு. எல்லாம் விழுந்துருச்சு. முதல்லேர்ந்தே நிக்கல, நான்தான் தப்பாப் பாத்துருக்கேன். மருந்து கிருந்து எதுவும் வரப்போறதில்ல. நின்னிருந்தாக்கூட வந்திருக்காது. அதை உங்கிட்ட நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவள் மூச்சும், காற்றாடிச் சத்தமும் கேட்டன.

"குழாய் வச்சுருவோம்," என்றான். "நாளைக்கே. டாக்டரம்மாகிட்ட நானே பேசுறேன். என்னாலதான் ரெண்டு மாசம் போச்சு."

"எனக்குத் தெரியும்ங்க," என்றாள் வேணி.

"என்ன தெரியும்?"

"மருந்து வராதுன்னு. நீங்க சொன்ன மறுநாளே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். ஈயில சரியானா பிள்ளைக்கு எவ்வளவு நாள்ல சரியாகும்னு. பதினஞ்சு வருஷம் ஆனாலும் ஆகும், ஆகாமலும் போகும்னாங்க."

அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "அப்ப ஏன் வேணாம்னு சொன்ன? ஏன் பொறுப்போம்னு சொன்ன?"

"அன்னைக்குத்தான் நீங்க ரெண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. வருஷக்கணக்கா தட்டுல கைய வச்சுட்டு எந்திரிச்சுப் போய்க்கிட்டிருந்த மனுசன். அன்னைக்குப் படுத்ததும் தூங்குனீங்க. குழாய் வைக்கணும்னு நான் சொன்னா, அவ்வளவுதானா, அப்ப உனக்கு நம்பிக்கை இல்லையான்னு உங்க மூஞ்சி விழுந்துரும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு."

"வேணி..."

"போன வாரம் பிள்ளை இளைச்சுக்கிட்டே போறதைப் பாத்ததும் எனக்குப் பயம் வந்துருச்சு. உங்ககிட்டச் சொல்லாம இன்னைக்குக் காலையில நானே தூக்கிட்டுப் போய், வச்சுருங்க டாக்டர்னு சொல்லிட்டேன்." நிறுத்தினாள். குரல் தணிந்தது. "இப்ப முடியாதாம். நெஞ்சுல சளி கட்டிக்கிடக்காம். மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்க மாட்டாளாம். எடை ஏழரைதான் இருக்கு. எட்டு வந்தாத்தான் பாக்க முடியும்னு சொல்லிட்டாங்க. வாய் வழியாக் குடுக்கவும் கூடாதாம். அப்ப எப்படிங்க எட்டு வரும்?"

எதிரே குப்பியில் ஈக்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. ஆறுதல் சொல்லக்கூட ஏதாவது மிச்சம் வைத்திருக்க வேண்டும், அதையும் இரண்டு பேருமாகச் செலவழித்துவிட்டிருந்தார்கள்.

"மூக்கு வழியா ஒரு குழாய் விட்டுப் பாக்கலாம்னாங்க," என்றாள். "சாயந்திரம் சேக்கச் சொல்லியிருக்காங்க. தாங்குவாளான்னு சொல்ல முடியாதுன்னாங்க. நீங்க நாலு மணிக்கெல்லாம் வந்துருங்க."

"இப்பவே வர்றேன்."

"வெயில்ல ஓடி வராதீங்க, பஸ்ஸுல வாங்க. மணி ஒண்ணரை ஆச்சே, சாப்பிட்டீங்களா?"

தூக்குப்பாத்திரம் மேசைக்கடியில் திறக்காமல் இருந்தது.

"சாப்பிட்டேன்," என்றான் பரமகுரு.

"சரி," என்றாள் வேணி. அவளும் நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. உள்ளே பிள்ளை இருமுவது கேட்டது, அவள் போனை வைத்துவிட்டாள்.